பள்ளிவாசல் திண்ணையில் உறங்கிய இளைஞர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரமில்லாத நேரத்தில் ஆறுதலாக வாசியுங்கள்.

சென்ற வருடம் எங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தான். தரம் பத்து. கணிதத்தில் கெட்டிக்காரன். உம்மா வெளிநாட்டில், வாப்பாவுக்கு வேறு குடும்பம். வளர்த்த மூத்தம்மா மௌத்தான பிறகு அவனுக்கென்று ஒரு வீடு இல்லாமல் போய்விட்டது. கொஞ்ச நாள் மாமா வீட்டில் இருந்தான். பிறகு கூட்டாளி ஒருவனின் வீட்டில். கடைசியில் பள்ளிவாசலின் வெளி விறாந்தையில் படுக்கத் தொடங்கினான். ஸுபஹுக்கு வருபவர்கள் கண்டார்கள். பாண் வாங்கிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பிறகு யாரோ உண்டியல் பயத்தைச் சொல்ல, ஓர் இரவு கேற்றுக்குப் பூட்டு விழுந்தது. பாடசாலையில் நாங்கள் செய்தது அதைவிடத் திறம் இல்லை. தொடர்ந்து வராத பிள்ளை என்று இடாப்பில் அவன் பெயருக்கு மேல் சிவப்புப் பேனையால் கோடு போட்டோம். அதோடு எங்கள் கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

யாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பூட்டியவர்களும் நல்ல மனிதர்கள்தான். கோடு போட்டவர்கள் நாங்கள்தான். ஆனால் அன்றிலிருந்து ஒரு கேள்வி எங்களை விடவில்லை. இதே பிள்ளை நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மதீனாவுக்குப் போயிருந்தால், அவன் எங்கே படுத்திருப்பான்?

பதில் நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளிவாசலில்தான். ஸுஃப்பா என்று அந்த இடத்துக்குப் பெயர். திண்ணைத் தோழர்கள் என்று தமிழில் சொல்லுவோம். தரம் ஏழு, எட்டுப் பிள்ளைகளுக்கு இஸ்லாம் பாடத்தில் படிப்பித்தும் இருக்கிறோம். ஆனால் அதை அறிவு தேடியவர்களின் கதையாக மட்டுமே சொல்லிக்கொடுத்தோம். வீடில்லாத இளைஞர்களுக்கு ஒரு சமூகம் நடத்திய தங்குமிடத்தின் வரலாறாக அதைப் படித்துப் பார்த்தது மிகக் குறைவு. இந்த முறை அப்படிப் படித்துப் பார்ப்போம்.

கி.பி. 622இல் ஹிஜ்ரத் நடந்தது. மக்காவிலிருந்து வந்தவர்கள் வீட்டையும் வியாபாரத்தையும் விட்டுவிட்டு வந்தவர்கள். மதீனாவின் அன்ஸாரிகள் அவர்களைத் தங்கள் வீடுகளில் ஏற்றுக்கொண்டார்கள். ஒருவருக்கு ஒருவர் என்று சகோதரத்துவம் ஏற்படுத்தப்பட்டது. ஆனால் வருகை முதல் வருடத்தோடு நிற்கவில்லை. பல கோத்திரங்களிலிருந்தும் ஆட்கள் தனித்தனியாக வந்துகொண்டே இருந்தார்கள். குடும்பம் இல்லை, ஊரில் தெரிந்தவர் இல்லை, கையில் காசும் இல்லை. ஊரின் வீடுகளோ ஏற்கனவே நிறைந்திருந்தன. இவர்களை எங்கே வைப்பது?

அப்போது மஸ்ஜிதுன் நபவி ஓர் எளிமையான கட்டடம். சுடாத கல்லில் சுவர், ஈச்ச மரக் குற்றிகள் தூண், ஈச்சோலைக் கூரை. தொழுகை முதலில் பைத்துல் முகத்தஸை நோக்கி, அதாவது வடக்கு நோக்கி நடந்தது. ஹிஜ்ரத்துக்குப் பின் பதினாறு, பதினேழு மாதங்கள் கழித்து கிப்லா கஃபாவின் பக்கம், தெற்கே மாறியது. முன் சுவராக இருந்த வடக்குச் சுவர் பின் சுவராகிவிட்டது. அந்தப் பக்கத்தில் கூரை போட்ட ஒரு பகுதியை வீடில்லாதவர்களுக்கு ஒதுக்கினார்கள். அதுதான் ஸுஃப்பா. நிழல் தரும் ஒரு திண்ணை, அவ்வளவுதான். புதுக் கட்டடம் கட்டவில்லை, நிதி திரட்டும் வரை காத்திருக்கவும் இல்லை. கைவசம் இருந்த இடம் அடுத்த தேவைக்குத் திறந்துவிடப்பட்டது.

தல்ஹா என்ற ஒரு ஸஹாபி அந்த ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார். மதீனாவுக்கு வருகிறவருக்கு ஊரில் தெரிந்த ஆள் இருந்தால் அவரிடம் தங்குவார். தெரிந்த ஆள் இல்லாவிட்டால் ஸுஃப்பாவில் தங்குவார். ஆக, சொந்தமோ பந்தமோ இல்லாத ஆளுக்கும் இந்த ஊரில் ஓர் இடம் இருக்கிறது என்பதே அதன் விதி. யாருடைய பிள்ளை, எந்த ஊர், எந்தக் கோத்திரம் என்பது உள்ளே வருவதற்கு நிபந்தனையாக இருக்கவில்லை.

எத்தனை பேர் இருந்தார்கள்? எண்ணிக்கை கூடிக் குறைந்துகொண்டே இருந்தது. எழுபது பேரைத் தாம் கண்டதாகவும், அவர்களில் ஒருவருக்கும் மேல் துணி இருக்கவில்லை என்றும் அபூ ஹுரைரா (ரழி) சொன்னது புஹாரியில் உள்ளது. உடுத்த ஒரு துணிதான். அதையும் கழுத்தில் முடிந்து, கையால் பிடித்துக்கொள்வார்கள். அபூ நுஐம் தமது ‘ஹில்யதுல் அவ்லியா’ நூலில் ஸுஃப்பாவாசிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகத் திரட்டியிருக்கிறார். அவர்கள் எல்லோரும் இளைஞர்கள் இல்லை. ஆனால் இளைஞர்கள் நிறையவே இருந்தார்கள். ஸுஃப்பாவுக்கு வெளியிலும் கல்யாணமாகாத இளைஞர்கள் பள்ளிவாசலில் உறங்கியிருக்கிறார்கள். உமர் (ரழி) அவர்களின் மகன் அப்துல்லாஹ் குடும்பமில்லாத வாலிபராக இருந்த காலத்தில் அங்கேயே உறங்கியதாகத் தாமே சொல்லியிருக்கிறார். ‘ஆண்கள் பள்ளிவாசலில் உறங்குதல்’ என்று இமாம் புஹாரி ஒரு தலைப்பே வைத்திருக்கிறார்கள். ‘பெண் பள்ளிவாசலில் உறங்குதல்’ என்றும் ஒரு தலைப்பு இருக்கிறது. அந்தப் பெண்ணைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

அடுத்தது சாப்பாடு. அது தாராளமாக இருந்தது என்று நினைத்துவிட வேண்டாம். நாளொன்றுக்கு இரண்டு பேருக்கு ஒரு முத்து அளவு பேரீச்சம்பழம். இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு முறை அள்ளும் அளவு. அதை இருவர் பகிர வேண்டும். ஒரு நாள் தொழுகை முடிந்ததும் அவர்களில் ஒருவர் நபியவர்களை அழைத்து, பேரீச்சம்பழமே தின்று வயிறு எரிகிறது, உடுப்பும் கிழிந்துவிட்டது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். அன்னதானம் வாங்குகிறவன் குறை சொல்லலாமா என்று நாமாக இருந்தால் கேட்டிருப்போம். நபியவர்கள் அவரை அதட்டவில்லை. மிம்பரில் ஏறி, தாமும் மக்காவில் காட்டு மரத்தின் காயைத் தின்று நாள் கழித்ததைச் சொன்னார்கள். அன்ஸாரிகளிடம் இருப்பதே பேரீச்சம்பழம்தான், அதைத்தான் அவர்கள் நம்மோடு பகிர்கிறார்கள் என்று விளக்கினார்கள். நல்ல காலம் வரும் என்றும் சொன்னார்கள். குறை சொல்வதற்கு இடமிருந்த ஒரு தங்குமிடம் அது.

சாப்பாட்டுப் பொறுப்பை ஒரு தனவந்தரின் தலையில் கட்டவில்லை. ஊருக்கே பங்கு பிரித்தார்கள். வீட்டில் இருவருக்குச் சாப்பாடு இருந்தால் மூன்றாவதாக ஒருவரை அழைத்துப் போ, நால்வருக்கு இருந்தால் ஐந்தாவதாக, ஆறாவதாக ஆளைக் கூட்டிப் போ என்பது கட்டளை. அன்று அபூபக்ர் (ரழி) மூவரை அழைத்துப் போனார்கள். நபியவர்கள் பத்துப் பேரை அழைத்துப் போனார்கள். அபூபக்ர் வீட்டில் நடந்ததை அவருடைய மகன் அப்துர் ரஹ்மான் சொல்லியிருக்கிறார். வாப்பா வீட்டுக்கு வரத் தாமதமாகிவிட்டது. வந்து பார்த்தால், அவர் வரும்வரை சாப்பிட மாட்டோம் என்று விருந்தாளிகள் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு வந்த கோபத்தில் மகனுக்கு ஏச்சு விழுந்தது, சாப்பிடவே மாட்டேன் என்று சத்தியமும் போட்டார். பிறகு சமாதானமாகி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சாப்பாட்டிலும் பரக்கத் இறங்கியது. இந்தச் சம்பவத்தில் நாம் கவனிக்க வேண்டியது, அந்த ஏழைகள் வீட்டுக்காரரோடு உட்கார்ந்து சாப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள் என்பதை. பின் வாசலில் பார்சல் வாங்கிக்கொண்டு போனவர்கள் இல்லை அவர்கள். ஒரே சஹனில் கை வைக்கும் விருந்தாளிகள்.

அறுவடைக் காலத்தில் அன்ஸாரிகள் பேரீச்சங் குலைகளை வெட்டி வந்து பள்ளிவாசலின் இரண்டு தூண்களுக்கிடையில் கயிற்றில் தொங்கவிடுவார்கள். பசித்தவர் தடியால் தட்டிச் சாப்பிடலாம். சிலர் சூத்தைக் குலைகளைக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். ஸூரதுல் பகராவின் 267ஆவது வசனம் இறங்கியது இதற்காகத்தான் என்று திர்மிதியில் வருகிறது. கெட்டதைத் தேடி எடுத்துக் கொடுக்காதீர்கள், அதையே உங்களுக்குத் தந்தால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவீர்கள் என்பது அதன் கருத்து. பழைய உடுப்பையும் உடைந்த கதிரையையும் ஸதகா என்று அனுப்பும் நாங்கள் அந்த வசனத்தை இன்னொரு முறை ஓதிப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பால் கோப்பையின் சம்பவம். எல்லோரும் அறிந்ததுதான், ஆனால் ஒரு தங்குமிடம் எப்படி நடந்தது என்ற கண்ணோடு பாருங்கள்.

அபூ ஹுரைரா (ரழி) யமன் பக்கத்திலிருந்து ஹிஜ்ரி 7இல் மதீனா வந்தவர். அநாதையாக வளர்ந்தவர், வயிற்றுச் சோற்றுக்காகக் கூலிக்கு நின்றவர். வரும்போது முப்பது வயதை ஒட்டியிருக்கும். பசியால் வயிற்றில் கல் கட்டியிருந்த ஒரு நாள், ஆட்கள் போகும் வழியில் உட்கார்ந்தார். அபூபக்ர் (ரழி) வந்தார்கள். பசி என்று சொல்ல வெட்கம். ஒரு வசனத்துக்கு விளக்கம் கேட்டார், வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள் என்ற நப்பாசையில். விளக்கம் கிடைத்தது, சாப்பாடு கிடைக்கவில்லை. உமர் (ரழி) வந்தார்கள். அதே கதை. இருவரும் கெட்டவர்களா? இந்த உம்மத்தின் சிறந்த மனிதர்கள். அவர்களுக்கும் அந்த முகத்தில் இருந்த பசி அன்று தெரியவில்லை. மூன்றாவதாக நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். பார்த்தவுடன் புன்னகைத்தார்கள். முகத்தைப் பார்த்தே விஷயம் விளங்கிவிட்டது. பெயர் சொல்லி அழைத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள்.

வீட்டில் அன்பளிப்பாக வந்த ஒரு கோப்பை பால் இருந்தது. ஸுஃப்பாவில் உள்ளவர்களைக் கூட்டி வா என்றார்கள். அபூ ஹுரைராவுக்கு மனம் சோர்ந்துவிட்டது. இந்த ஒரு கோப்பை அத்தனை பேருக்கு எந்த மூலைக்கு? நம் பங்குக்கு என்ன மிஞ்சும்? இருந்தாலும் போய் அழைத்து வந்தார். பரிமாறும் பொறுப்பும் அவரிடமே கொடுக்கப்பட்டது. ஒவ்வொருவராக வயிறு நிறையக் குடித்தார்கள். கடைசியில் நபியவர்களும் அவரும்தான் மீதி. அவரை உட்கார்ந்து குடிக்கச் சொன்னார்கள். இனி வயிற்றில் இடமில்லை என்று அவர் சொல்லும்வரை குடிக்கச் சொன்னார்கள். எல்லோருக்கும் கடைசியாக, மிஞ்சியதை நபியவர்கள் குடித்தார்கள்.

பால் பெருகியது முஃஜிஸாத். அதை நாம் செய்ய முடியாது. ஆனால் அந்தச் சம்பவத்தில் நாம் செய்யக்கூடிய மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முகத்தைப் பார்த்துப் பசியை அறிவது. பசித்தவனைப் பெயர் சொல்லி அழைப்பது. வாங்கும் கையை நீட்டி நின்றவனிடமே பரிமாறும் பொறுப்பைக் கொடுப்பது. ஸுஃப்பாவாசிகளின் அரீஃப், அதாவது அவர்கள் ஒவ்வொருவரையும் அறிந்து பொறுப்பாக இருந்தவர், என்றே அபூ ஹுரைராவை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். வெளியிலிருந்து ஒரு ‘வார்டன்’ கொண்டுவரப்படவில்லை. உள்ளே இருந்த ஒருவரே பொறுப்பாளர் ஆனார்.

ஒரு மனிதன் எழுந்து நிற்பதற்குச் சோறு மட்டும் போதாது. ஸுஃப்பாவில் படிப்பு இருந்தது. உபாதா இப்னு ஸாமித் (ரழி) அங்கிருந்தவர்களுக்கு எழுதவும் குர்ஆன் ஓதவும் கற்றுக் கொடுத்தார்கள். மாணவர் ஒருவர் நன்றிக்காக ஒரு வில்லைப் பரிசாகக் கொடுத்தபோது, அதை வாங்கலாமா என்று நபியவர்களிடம் கேட்க, கடுமையான எச்சரிக்கை கிடைத்தது. இல்லாதவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு அவனிடமே கை நீட்டக் கூடாது என்று ஆசிரியர்களாகிய எங்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. டியூஷன் காலத்தில் இதை எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கிறது.

உடுப்பு போதாமல் ஒருவர் பின்னால் ஒருவர் மறைந்துகொண்டு வறிய முஹாஜிர்கள் குர்ஆன் கேட்டுக்கொண்டிருந்த ஒரு சபைக்கு நபியவர்கள் வந்து, அவர்களின் நடுவில் உட்கார்ந்ததை அபூ ஸஈத் அல்குத்ரி (ரழி) சொல்லியிருக்கிறார். நின்றபடி விசாரித்துவிட்டுப் போகவில்லை.

படிப்போடு தொழிலும் இருந்தது. அன்ஸாரி இளைஞர் எழுபது பேரைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ‘குர்ராக்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். இரவில் படிப்பார்கள். பகலில் பள்ளிவாசலுக்குத் தண்ணீர் சுமந்து வைப்பார்கள், விறகு வெட்டி விற்பார்கள். அந்தக் காசில் ஸுஃப்பாவாசிகளுக்குச் சாப்பாடு வாங்குவார்கள். ஊர் இளைஞர்கள் வீடில்லாத இளைஞர்களுக்காக உழைத்தார்கள். ஹிஜ்ரி 4இல் பிஃரு மஊனாவில் அவர்கள் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள். நபியவர்கள் ஒரு மாதம் குனூத் ஓதும் அளவுக்குக் கவலைப்பட்டது இவர்களுக்காகத்தான்.

ஸுஃப்பாவைச் சேர்ந்தவர் அல்ல, ஆனால் யாசகம் கேட்டு வந்த ஓர் அன்ஸாரியின் கதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. வீட்டில் இருந்த ஒரு விரிப்பையும் ஒரு பாத்திரத்தையும் கொண்டுவரச் சொல்லி, நபியவர்களே அவற்றை ஏலம் போட்டு இரண்டு திர்ஹத்துக்கு விற்றார்கள். ஒன்று வீட்டுச் சாப்பாட்டுக்கு, மற்றது கோடாரிக்கு. கோடாரிக்குப் பிடியைத் தங்கள் கையாலேயே போட்டுக் கொடுத்து, பதினைந்து நாள் விறகு வெட்டிவிட்டு வா என்று அனுப்பினார்கள். வரும்போது அவர் கையில் பத்துத் திர்ஹம் இருந்தது. அறிவுரை சொல்வது இலேசு. நபியவர்கள் பிடியும் போட்டுக் கொடுத்து, பதினைந்தாம் நாள் என்ன நடந்தது என்றும் பார்த்தார்கள்.

இப்போது ரபீஆவின் கதை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியதே அதுதான்.

ரபீஆ இப்னு கஃப் அல்அஸ்லமீ (ரழி) ஓர் இளைஞர். வீடு இல்லை, ஸுஃப்பாவில் இருந்தவர். இரவில் நபியவர்களின் வாசலில் காத்திருந்து வுழூவுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பார். என்ன வேண்டும் கேள் என்று நபியவர்கள் சொன்னபோது, சுவர்க்கத்தில் உங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்டவர் அவர். இந்த அளவு நாம் எல்லோரும் பயானில் கேட்டிருக்கிறோம். முஸ்னத் அஹ்மதில் அவருடைய மீதிக் கதையும் இருக்கிறது.

நீ கல்யாணம் முடிக்கவில்லையா என்று நபியவர்கள் அவரிடம் கேட்டார்கள். மனைவியை வைத்துப் பார்க்க என்னிடம் ஒன்றுமில்லை என்றார். இன்னொரு முறை கேட்டபோதும் அதே பதில். பிறகு ரபீஆ யோசித்தார், எனக்கு எது நல்லது என்று என்னைவிட அவர்களுக்குத் தெரியுமே என்று. அடுத்த முறை கேட்டபோது சம்மதித்தார். ஓர் அன்ஸாரிக் குடும்பத்திடம் அவரை அனுப்பினார்கள். அந்த வீட்டார் அவரிடம் சாட்சியோ ஆதாரமோ கேட்கவில்லை. நபியவர்கள் அனுப்பிய ஆள் என்ற ஒரு சொல்லே போதுமாக இருந்தது, பெண் கொடுத்தார்கள். ரபீஆ கவலையோடு திரும்பி வந்தார். மஹர் கொடுக்கக் கையில் எதுவும் இல்லை. அவருடைய கோத்திரத்தார் ஒரு பேரீச்சங்கொட்டை எடை தங்கம் சேர்த்தார்கள். இது நிறையவே என்று சந்தோஷமாகப் பெண் வீட்டார் வாங்கிக்கொண்டார்கள். மறுபடியும் கவலை, வலீமாவுக்கு என்ன செய்வது? ஆட்டை ஒரு பக்கத்தார் கொடுத்தார்கள், நபியவர்களின் வீட்டில் இருந்த வாற்கோதுமை கூடையோடு வந்தது. பெண் வீட்டார் ரொட்டி சுட, மாப்பிள்ளைப் பக்கத்தார் ஆட்டைச் சமைத்தார்கள்.

கதை அங்கேயும் முடியவில்லை. ரபீஆவுக்கு ஒரு துண்டு காணி கிடைத்தது. பக்கத்துக் காணி அபூபக்ர் (ரழி) அவர்களுடையது. எல்லையில் நின்ற ஒரு பேரீச்ச மரம் யாருடையது என்று இருவருக்கும் வாய்த்தர்க்கம் வந்தது. அபூபக்ர் ஒரு கடுஞ்சொல் சொல்லிவிட்டு உடனே வருந்தினார்கள், அதே சொல்லை எனக்குத் திருப்பிச் சொல் என்று ரபீஆவிடம் கேட்டார்கள். அவர் மறுத்தார். விஷயம் நபியவர்களிடம் போனது. திருப்பிச் சொல்லாதே, அல்லாஹ் உங்களை மன்னிக்கட்டும் என்று சொல் என்றார்கள். ரபீஆ அப்படியே சொன்னார். அபூபக்ர் அழுதுகொண்டே திரும்பிப் போனார்கள்.

ஒரு நாள் உறங்க இடமில்லாமல் திண்ணையில் கிடந்தவர். சில வருடங்களில் ஊரின் முதல் மனிதரோடு வேலிப் பிரச்சினை பேசும் காணிக்காரர். எல்லையில் நிற்கும் மரத்துக்காகச் சண்டை பிடிக்க, காணி என்று ஒன்று இருக்க வேண்டுமே! அந்த வாய்த்தர்க்கத்தை ஸுஃப்பாவின் வெற்றி என்றே நாம் சொல்வோம். உதவி வாங்கியவன் வாழ்நாள் முழுவதும் தலை குனிந்து நிற்க வேண்டும் என்று அந்தச் சமூகம் எதிர்பார்க்கவில்லை. சரிசமமாக நின்று பேசும் அளவுக்கு அவனை உயர்த்திவிட்டது.

மற்றவர்களும் அப்படித்தான் வெளியே போனார்கள். பசி மயக்கத்தில் விழுந்தபோது பைத்தியம் என்று நினைத்து ஆட்கள் கழுத்தில் கால் வைத்த அபூ ஹுரைரா, உமர் (ரழி) அவர்களின் காலத்தில் பஹ்ரைனுக்கு ஆளுநராகப் போனார். அவர் அறிவித்ததாகக் கணக்கிடப்படும் ஹதீஸ்கள் 5,374. ஸுஃப்பாவில் இருந்த உக்பா இப்னு ஆமிர் (ரழி) பின்னர் எகிப்தின் ஆளுநர். முழு உடுப்பு இல்லாமல் அங்கே இருந்த வாஸிலா இப்னுல் அஸ்கஃ (ரழி) டமஸ்கஸில் முதுமை வரை ஹதீஸ் சொல்லிக்கொண்டிருந்தார். ஸுஃப்பா யாரையும் ஆயுளுக்கும் வைத்திருக்கும் இடமாக இருக்கவில்லை. உள்ளே வருவதற்கு இருந்ததைப் போல, நல்லபடியாக வெளியே போவதற்கும் அதில் ஒரு வாசல் இருந்தது. ஒரு தங்குமிடத்தை, அங்கே எத்தனை பேர் தங்குகிறார்கள் என்று அளப்பதைவிட, அங்கிருந்து எப்படிப் போகிறார்கள் என்று அளப்பதே சரி.

இனி அந்தப் பெண்ணின் கதை. ஆயிஷா (ரழி) சொன்னது. விடுதலை செய்யப்பட்ட ஓர் அடிமைப் பெண், பழைய எஜமானர்களோடே இருந்தாள். அந்த வீட்டுப் பிள்ளையின் சிவப்புத் தோல் பட்டி காணாமல் போனது. இறைச்சித் துண்டு என்று நினைத்து ஒரு பருந்து தூக்கிப் போயிருந்தது. பழி இவள் மேல் விழுந்தது, வெட்கம் கெட்ட சோதனையும் நடந்தது. அந்த நேரத்திலேயே பருந்து வந்து பட்டியை அவர்கள் நடுவில் போட்டது. அவள் அந்த ஆட்களை விட்டு மதீனா வந்தாள், இஸ்லாத்தை ஏற்றாள். அவளுக்குப் பள்ளிவாசலுக்குள்ளேயே ஒரு சிறு கூடாரம் இருந்தது. ஆயிஷாவிடம் வந்து உட்கார்ந்து பேசுவாள். களவுப் பழி சுமந்து வந்த ஒரு பெண்ணுக்குக் கதவைத் திறந்த பள்ளிவாசல் அது. எங்கள் பிள்ளையின் மேல் எந்தப் பழியும் இருக்கவில்லை. அவன் உண்டியலைத் தொட்டதை ஒருவரும் காணவில்லை. தொட்டுவிடுவானோ என்ற பயம் மட்டும்தான்.

காலம் மாறிவிட்டது சேர், இப்போது ஐஸ் போதைப்பொருள் இருக்கிறது, பிரச்சினை வந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விறாந்தையைத் திறந்துவிட்டுப் பேசாமல் இருங்கள் என்று நாங்களும் சொல்லவில்லை. ஸுஃப்பாவும் அப்படி நடக்கவில்லை. அங்கே பொறுப்பாளர் இருந்தார், ஆசிரியர் இருந்தார், சாப்பாட்டுக்கு முறை இருந்தது. நபியவர்களின் கண் எப்போதும் அவர்கள் மேல் இருந்தது. போதைக்காரர்கள் தேடுவது, இரவில் யாருமே தேடாத பிள்ளையைத்தான். நாங்கள் பூட்டிய கேற் அவனை அவர்களுக்குப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விட்டிருக்கும்.

நமக்கு இது தெரியாத வேலையும் இல்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் வீடுகளையும் திறந்துவிட்டார்கள். 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது நமது கிழக்குக் கரையில் அதே காட்சி. அப்போது நாங்கள் பாடசாலைப் பிள்ளைகள். வகுப்பறையில் மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்ததும், எந்த வீட்டுச் சோறு என்று தெரியாமல் சாப்பிட்டதும் இன்றும் நினைவிருக்கிறது. ஆயிரம் பேர் ஒரே நாளில் வீடிழந்தால் நாம் ஓடுகிறோம். ஒரு பிள்ளை தனியாக வீடிழந்தால் அது அவனுடைய குடும்பப் பிரச்சினை என்கிறோம்.

என்ன செய்யலாம் என்று ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து பேசியிருக்கிறோம். உங்கள் கருத்துக்காக இங்கே வைக்கிறோம்.

முதலில் சட்டம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளையை நாம் நினைத்தபடி எங்கும் தங்க வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. கிராம உத்தியோகத்தருக்கும், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவிக்க வேண்டும். 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு யாரும் அழைக்கலாம். அறிவித்துவிட்டு ஒதுங்காமல், அந்தப் பிள்ளை எங்கே போகிறான் என்று தொடர்ந்து பார்ப்பதற்கு ஊரில் ஒருவர் வேண்டும்.

பதினெட்டைத் தாண்டியவர்களின் நிலை இன்னும் கஷ்டம். அநாதை இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் அந்த வயதில்தான் ஒரு பையோடு வெளியே வருகிறார்கள். அவர்களுக்கு ஊரில் ஓர் அறை போதும். பள்ளிவாசலோடு சேர்ந்த பழைய கட்டடம் ஒன்று சும்மா கிடக்கிறது, எல்லோருக்கும் தெரியும். நான்கு கட்டில் போடலாம். சாப்பாட்டை மஹல்லாவின் வீடுகள் முறை வைத்துக் கொடுக்கலாம். பார்சலாக அனுப்பாமல், வீட்டுக்கு அழைத்து. ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் தெரிந்த ஒரு பொறுப்பாளர், நமது பாஷையில் ஓர் அரீஃப். படிக்கக் கூடியவனுக்குப் படிப்பு. மற்றவனுக்குக் கராஜ், வயரிங், வெல்டிங், பேக்கரி என்று ஒரு தொழில், கையில் என்.வி.கியூ. சான்றிதழ். ஸகாத்தில் ஒரு பங்கை ஆயுதமாகக் கொடுக்கலாம், அதாவது நமது காலத்துக் கோடாரியாக. ஒரு வருடம், இரண்டு வருடம் என்று காலமும் வைக்க வேண்டும். அதற்குள் அவன் தன் காலில் நிற்க வேண்டும், நிற்கும்வரை நாங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

இன்ஷா அல்லாஹ் வரும் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு நிர்வாக சபையிடம் இதைப் பேச இருக்கிறோம். வரக்கூடியவர்கள் வாருங்கள். கராஜ், கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கட்டாயம் வாருங்கள், பணத்தைவிட நீங்கள் சொல்லிக் கொடுக்கும் தொழில் பெரிது. மறுப்புள்ளவர்களும் வாருங்கள், உங்கள் பயங்களையும் கேட்டுத்தான் இதைச் சரியாகச் செய்ய முடியும்.

அந்தப் பிள்ளையைக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுவதைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அங்கேயே படுக்கிறானாம். விசாரித்துக்கொண்டிருக்கிறோம். இடாப்பில் போட்ட கோட்டை அழிக்க முடியாது. ஆனால் அவனைத் தேடிப் போய், உன்னை நாங்கள் மறக்கவில்லை என்று பெயர் சொல்லிக் கூப்பிட முடியும். அதையாவது செய்வோம்.

அல்லாஹ் அவனையும் அவனைப் போன்ற எல்லாப் பிள்ளைகளையும் பாதுகாப்பானாக. எங்கள் பிழைகளை மன்னித்து, செய்ய வேண்டியதைச் செய்யும் தைரியத்தைத் தருவானாக. ஆமீன்.